சீர்த்தட்டில் பில்லும் இருக்கட்டும்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய பிறகும் நகராமல் நின்றபடி கொட்டித் தீர்த்தது. விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் உள்ள இரும்பைக்கு வடமேற்கே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மரக்காணத்தில் உப்பளப் பாத்திகளின் வரப்புகூடத் தெரியாமல் வெள்ளம் சூழ்ந்தது. விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வரவே நாள்கணக்கானது. கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்கையும் சுவர்க்கடிகாரத்தையும் அந்த இரவில் யாரும் தேடவில்லை. எரிகிற டார்ச் லைட் வேண்டியிருந்தது, சார்ஜ் உள்ள செல்போன் வேண்டியிருந்தது, ரேஷன் கார்டும் பட்டாவும் நனையாமல் இருக்க ஒரு பை வேண்டியிருந்தது.

2004இல் சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே, 2020 நவம்பரில் நிவர், பிறகு ஃபெஞ்சல். இத்தனையும் பார்த்த கரை இது. இங்கே வாழ்கிறவர்களுக்குத் தலைதீபாவளிச் சீரோ, புதுமனை புகுவிழாப் பரிசோ எடுக்கும்போது அலங்காரப் பொருளை விட்டுவிட்டு ஆபத்துக்கு உதவும் பொருளை நினைப்பது நல்ல மாற்றம். ஜப்பானில் செப்டம்பர் 1ஆம் தேதியைப் பேரிடர் தடுப்பு நாளாகவே வைத்திருக்கிறார்கள். 72 மணி நேரம் வெளியுதவி இல்லாமல் சமாளிக்கத் தேவையானதை ஒவ்வொரு வீடும் சேர்த்து வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் தன் மக்களைக் கேட்டுக்கொண்டது. தீபாவளியை ஒட்டியே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நமக்கு, இதற்கென்று தனியாக ஒரு நாள் குறிக்க வேண்டியதுகூட இல்லை.

ஆனால் பாதுகாப்புப் பொருளைப் பரிசாகக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு, அது நம் மரியாதையிலேயே ஒளிந்திருக்கிறது. பரிசு கொடுப்பவர் முதலில் செய்யும் வேலை, விலைச்சீட்டைக் கிழிப்பது. அடுத்தது, பில்லைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அல்லது கடை வாசலிலேயே போட்டுவிடுவது. என்ன விலை என்று வாங்கிக்கொள்பவர் கேட்பதும் அழகல்ல. விளைவு, குக்கரோ பவர் பேங்கோ பழுதாக இருந்தால் கேட்க வேண்டியவர் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. பட்டுப்புடவையில் சாயம் போனால் மனவருத்தத்தோடு போய்விடும். குக்கர் வெடித்தால் அப்படிப் போகாது.

இந்தச் சிக்கலைச் சட்டம் ஏற்கெனவே யோசித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காசு கொடுத்து வாங்கியவர் மட்டும் நுகர்வோர் அல்ல. அவருடைய சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே. அப்பா வாங்கிக் கொடுத்த கேஸ் அடுப்பு பழுதென்றால், இரும்பையில் இருக்கும் மகளே புகார் கொடுக்கலாம், அப்பாவை அலைக்கழிக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். இது இந்தப் பகுதிக்கு மிகவும் முக்கியம். வானூர் வட்டத்து மக்கள் நல்லது கெட்டதுக்குப் பொருள் எடுக்கப் புதுச்சேரிக்குப் போகிறார்கள். அது வேறு ஆட்சிப் பகுதி. கடை அங்கே இருந்தாலும் வழக்கை விழுப்புரத்தில் நடத்த முடியும்.

குக்கர் வெடிப்பதைச் சொன்னது பயமுறுத்த அல்ல. 2021 பிப்ரவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பிரஷர் குக்கரை இந்தியாவில் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் முத்திரையில்லாத குக்கர்கள் இணையச் சந்தைகளில் விற்கப்பட்டன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்து, 2022 ஆகஸ்டில் அமேசானுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அந்தத் தளம் வழியாகப் போன 2,265 குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும், வாங்கிய ஒவ்வொருவருக்கும் தகவல் சொல்லவும் உத்தரவிட்டது. அதே மாதம் ஃபிளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்களுக்காக இதேபோன்ற உத்தரவு போனது. இரு நிறுவனங்களும் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகின.

இதில் பரிசு கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இப்படி ஓர் எச்சரிக்கை வந்தால் அது போய்ச் சேருவது வாங்கியவரின் செல்போனுக்கு. அந்தக் குக்கரில் தினமும் பருப்பு வேகவைப்பவர் இன்னொரு வீட்டில் இருக்கிறார். வாங்கியவர் அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டால், ஆபத்தில் இருப்பவருக்கு விஷயமே தெரியாது. அதனால் பில்லையும் வாரண்டி கார்டையும் ஓர் உறையில் போட்டு, பொருளோடு சேர்த்தே கொடுத்துவிட வேண்டும். விலை தெரிவது கூச்சமாக இருந்தால் தொகையை மட்டும் மறைத்து ஒரு நகல் கொடுக்கலாம். அசல் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சொல்லி வைக்கலாம்.

முத்திரையைப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. என்ற எழுத்தைக் கண்டதும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. அந்தச் சின்னத்துக்கு மேலே ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண் இருக்கும். குக்கருக்கு 2347, இரு சக்கர வாகன ஹெல்மெட்டுக்கு 4151. சின்னத்துக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எதுவரை உரிமம் என்று காட்டும். பவர் பேங்க் போன்ற மின்னணுப் பொருளில் ஆர் என்று தொடங்கும் பதிவெண் இருக்கும், அதையும் அதே செயலியில் சரிபார்க்கலாம். கீழே எண்ணே இல்லாமல் சின்னம் மட்டும் அச்சடித்திருந்தால் அந்தப் பொருளை எடுக்கவே வேண்டாம். கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டே பார்க்கலாம், அதில் தப்பொன்றும் இல்லை.

எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், விலை குறைந்த, யாரும் பரிசாக நினைக்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அது கேஸ் டியூப். கேஸ் ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன எண்ணெய் நிறுவனங்கள். டியூப்பின் மேலேயே தயாரித்த காலம் அச்சாகியிருக்கும். வயதான பெற்றோர் வீட்டில் அடுப்புக்குப் பின்னால் குனிந்து அதைப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். புது டியூப் ஒன்றும், அதை மாட்டிக்கொடுக்க அரைமணி நேரமும் ஒதுக்குவது எந்த வெள்ளித் தட்டுக்கும் குறைந்ததல்ல. இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. வீட்டு கேஸ் இணைப்பு வைத்திருப்பவர் தனியாகப் பிரீமியம் எதுவும் கட்டாமலே, எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீடு ஒன்று இருக்கிறது. கேஸ் விபத்தில் இறப்பவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, இணைப்பு பதிவான வீட்டில் ஏற்படும் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தரமுத்திரை இல்லாத டியூப்பும் அடுப்பும் இருந்தால் காப்பீடு கேட்கும்போது வம்பு வரும். கேஸ் கசிவுக்கு எந்நேரமும் அழைக்க வேண்டிய எண் 1906.

டார்ச், எமர்ஜென்சி லைட் வாங்கும்போது கடலோரக் காற்றை மறக்கக் கூடாது. உப்புக்காற்றில் பேட்டரி அறையின் ஸ்பிரிங் முதலில் துருப்பிடிக்கும். செல்லைப் போட்டபடியே பீரோவில் வைத்த டார்ச்சில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் செல் கசிந்து, வெள்ளையாகப் பூத்திருக்கும். அதனால் உலோக உடல் கொண்டதைவிட நல்ல பிளாஸ்டிக் டார்ச் இங்கே தாங்கும். செல்லைத் தனியே ஒரு கவரில் போட்டுக் கொடுப்பது நல்லது. அதே அளவு செல்லில் ஓடும் சின்ன ரேடியோவும் சேர்ந்தால் செல்போன் கோபுரம் செயலிழந்த நாளில் வானொலி கேட்கலாம். பவர் பேங்கை மாதக்கணக்கில் காலியாக விடக் கூடாது, உப்பிப் போனால் உடனே ஒதுக்கிவிட வேண்டும். சின்ன ஜெனரேட்டர் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைச் சொல்லியே கொடுக்க வேண்டும்: அதை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டக் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டும் பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்குபவர் அவருடைய தலையளவைக் கேட்டு வாங்க வேண்டும். பெரியதாக இருந்தால் விழும்போது கழன்றுவிடும். பின்னால் உட்கார்ந்து வரும் 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்கும் ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும் என்ற மத்திய விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு அந்தப் பட்டையை வாங்கிக் கொடுக்கும் தாத்தா பாட்டி எத்தனை பேர்?

படகில் போகும் உறவுக்கு லைஃப் ஜாக்கெட் கொடுக்கலாம், உடல் எடைக்கேற்ற அளவில், விசிலோடு. காற்றடித்த டியூப் அதற்கு ஈடாகாது.

உப்பளத்தில் இறங்குபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலில் பாத்தியின் வெள்ளைப் பரப்பிலிருந்து எழும் கூச்சம் கண்ணைப் பாதிக்கும். உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்கும் கால்களில் வெடிப்பும் புண்ணும் வரும். மழைக்காலத்தில் வேலையும் இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. கம்பூட்ஸ், கருப்புக் கண்ணாடி, வெயிலில் சூடேறாத தண்ணீர்க்குடுவை ஆகியவை அவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் காலணியும் கண்ணாடியும் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. தொண்டு அமைப்புகள் இவற்றைப் பரிசாகக் கொடுக்கும்போது அந்தப் பொறுப்பு முதலாளியிடமிருந்து நழுவிவிடக் கூடாது.

காசு அதிகம் செலவாகாத பரிசும் ஒன்று உண்டு. ஃபெஞ்சலுக்குப் பிறகு, வெள்ளத்தில் சான்றிதழும் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் போனவர்களுக்காக அரசு சிறப்பு முகாம் அறிவிக்க வேண்டி வந்தது. தண்ணீர் புகாத ஒரு கவர் வாங்கி, பெரியவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து, ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை டிஜிலாக்கரில் ஏற்றிக்கொடுத்தால் போதும். துறைகள் டிஜிலாக்கர் வழியாக வழங்கும் ஆவணத்துக்கு அசலுக்கு நிகரான மதிப்பைச் சட்டம் தருகிறது. நாமே படமெடுத்து ஏற்றுவதற்கு அந்த மதிப்பு இல்லை, இந்த வேறுபாட்டை விளங்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுகளில் வேறு ஆபத்து. ஆரோவில்லுக்கு அடுத்த ஊர் இரும்பை. பல நாட்டவரும், பல நாடுகளில் வேலை செய்யும் பிள்ளைகளும் வந்துபோகும் பகுதி. புயலில் சிக்னல் போனாலும் பேசலாம் என்று சேட்டிலைட் போன் கொண்டுவந்தால், அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே இங்கே குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்திலும், 2025 ஜனவரியில் புதுச்சேரி விமான நிலையத்திலும் வெளிநாட்டுப் பயணிகள் இதனால் சிக்கினார்கள். மலையேறுபவர்கள் வைத்திருக்கும், சேட்டிலைட் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் சிறு கருவியும் இதில் அடங்கும். வாக்கி டாக்கிக்கும் விதிகள் உண்டு. எந்த அலைவரிசையில் ஓடும், உரிமம் வேண்டுமா என்று சொல்லாமல் விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்கள் அனுப்பியது. அன்போடு கொடுத்த கருவியால் அதைப் பெற்றவர் காவல் நிலையம் ஏறக் கூடாது.

பொருள் பழுதென்றால் என்ன செய்வது? கடையில் பில் தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்பப் பெற எத்தனை நாள் என்று பில்லில் போட்டிருக்காவிட்டால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று எழுதி மாட்டியிருப்பது, பழுதான பொருளுக்குச் செல்லாது. இணையத்தில் வாங்கியதானால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் தயாரித்தவர் மீது இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளாக இருந்தால் விற்ற கடையே பதில் சொல்ல வேண்டும். பெயரில்லாத மலிவுப் பொருளைக் கடைக்காரர்கள் அடுக்கி வைக்கும்முன் இதை யோசிப்பது நல்லது. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் கடையிடம் இழப்பீடு கேட்கும் உரிமை நிற்காது.

வெடித்த குக்கரையோ கருகிய சார்ஜரையோ தூக்கி எறிய வேண்டாம். இருந்த நிலையிலேயே படமெடுத்து, டப்பாவோடு எடுத்து வைத்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்க வேண்டும், தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அதற்குக் கேட்கப்படும் முதல் தாள் பில். அடுத்த சீருக்குத் தட்டு அடுக்கும்போது வெற்றிலை பாக்குக்கும் பழத்துக்கும் பக்கத்தில் அந்த உறையையும் வைத்து அனுப்புங்கள்.