தடுப்பூசி நாளில் தலையும் காதும்

குழந்தையின் தலை, கழுத்து, காது மூன்றையும் தொட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அந்த நிமிடங்களைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். சென்னை மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் காத்திருப்பார்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்துத் தனியார் கிளினிக்குகளிலும் மாலை வேளையில் இதே கூட்டம்தான். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம் முடிந்ததும் ஒன்று, பிறகு ஒன்றரை வயதில் ஒன்று. நோய்நொடி எதுவும் இல்லாத குழந்தைகூட இத்தனை முறை சுகாதார நிலையத்துக்கோ மருத்துவரிடமோ வந்து போகிறது. ஊசி போட்டு, அட்டையில் தேதி எழுதி, காய்ச்சலுக்குச் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஊசிக்கு முன்பே குழந்தையின் தலை, கழுத்து, காது மூன்றையும் பார்த்துவிட்டால் பல குறைகளை நேரத்தோடு பிடித்துவிடலாம்.

உச்சிக்குழி சொல்லும் சேதி

பரிசோதனை பெரும்பாலும் ஓர் அளவு நாடாவில் தொடங்குகிறது. புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்தலையில் நன்றாகத் துருத்திய இடம் வழியாக நாடாவைச் சுற்றுவார்கள். பிறக்கும்போது தலைச் சுற்றளவு சுமார் 34 செ.மீ. முதல் 3 மாதங்கள், மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளரும். ஒரு வயதில் 45, 46 செ.மீ. ஆகும். ஒரு நாள் எடுத்த அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்தடுத்த வருகைகளின் அளவுகளை வரைபடத்தில் குறித்தால்தான் விஷயம் புரியும். தலை மிக வேகமாகப் பெரிதானால் மூளைக்குள் நீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளராமல் நின்றுவிட்டால் மூளை வளர்ச்சியைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது உச்சிக்குழி. குழந்தை அழாமல், நிமிர்ந்து இருக்கும்போது விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். அழும்போது அது புடைப்பது இயல்பு. அமைதியாக இருக்கும்போதும் புடைத்திருந்து, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றுப்போக்கில் குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் இது மூடிவிடும்.

கழுத்தில் என்ன பார்க்கிறார்கள்?

குழந்தை எப்போதும் ஒரே பக்கம் தலை சாய்த்தால், கழுத்துத் தசை ஒன்று இறுகியிருக்கலாம். பிறந்த சில வாரங்களில் அந்தத் தசையில் சிறு கட்டி போலத் தட்டுப்படுவதும் உண்டு. முறையான பயிற்சி தந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டால் தலை ஒரு பக்கம் தட்டையாகும்.

சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு அடிக்கடி வருவது நெறிக்கட்டு. தலையில் பேனோ புண்ணோ இருந்தால் பின்கழுத்திலும், தொண்டைப் புண் இருந்தால் தாடைக்குக் கீழும் நெறி கட்டும். சிறிதாக, உருண்டு நகர்ந்தால் பயப்பட வேண்டியதில்லை. 2 செ.மீ.க்கு மேல் பெரிதாகி, வாரக்கணக்கில் கரையாமல், எடையும் குறைந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். காறை எலும்புக்கு மேலே வரும் கட்டியை எந்த மருத்துவரும் அலட்சியம் செய்ய மாட்டார்.

காதுக்குக் கடைசி இடம்

காதையும் தொண்டையையும் அனுபவமுள்ள மருத்துவர்கள் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். அழத் தொடங்கிய குழந்தையின் செவிப்பறை அழுகையாலேயே சிவந்துவிடும். பிறகு அது நோயால் வந்த சிவப்பா என்று பிரித்தறிவது கடினம். அதனால் மேசையைவிட அம்மாவின் மடியே நல்லது. குழந்தையைப் பக்கவாட்டில் உட்கார வைத்து, ஒரு கையால் அதன் இரு கைகளையும் அணைத்து, மறு கையால் நெற்றியை அம்மாவின் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். சின்னக் குழந்தைக்குக் காது மடலைக் கீழ்ப்பக்கமாகப் பின்னால் இழுத்தும், பெரிய பிள்ளைகளுக்கு மேல்பக்கமாகப் பின்னால் இழுத்தும் விளக்குக் கருவியால் உள்ளே பார்ப்பார்கள்.

ஆரோக்கியமான செவிப்பறை முத்து போன்ற சாம்பல் நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் இருப்பதால், மழைக்காலத்துச் சளி எளிதில் காதுக்கு ஏறிவிடுகிறது. படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதும் அதற்குத் துணை போகிறது. வலியே இல்லாமல் நடுக்காதில் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைவதும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு 'சொன்ன பேச்சு கேக்கறதில்ல' என்று பெயர் வைத்துவிடுகிறோம். முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.

காதின் பின்புறம் வீங்கி, மடல் முன்னே தள்ளப்பட்டிருந்தால் அது அவசர நிலை. சீழ் வடிந்தால் சுத்தமான துணியைத் திரியாகச் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

பேச்சு வரவில்லை என்றால்

'அவன் அப்பனே மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான், எல்லாம் வந்துடும்.' அன்போடு சொல்லப்படும் இந்த ஆறுதல் பல குழந்தைகளின் முக்கியமான காலத்தைத் தின்றுவிடுகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லி மழலை பேசும். கதவு அறைந்தால் அதிர்வை உணர்ந்து திடுக்கிடும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறு மாதத்துக்குப் பிறகு மழலை குறையும்போதுதான் முதல் அடையாளம் தெரிகிறது.

இதற்கு உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: 1 மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை. ஓ.ஏ.இ. என்ற முதல் சோதனை குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதில் ஐயம் இருந்தால் செவி நரம்பைச் சோதிக்கும் பெரா சோதனை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தை, சொந்தத்தில் திருமணம் செய்த பெற்றோரின் குழந்தை, கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கிய தாயின் குழந்தை ஆகியோருக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது. தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் 2017-ல் நடந்தது. 9 மாதத்தில் போடும் ஊசி இந்தத் தொற்றைத் தடுப்பதற்காகவும்தான்.

கண்டுபிடித்த பின் செல்ல இந்த நகரத்தில் இடம் இருக்கிறது. அடையாறில் பால வித்யாலயா 1969 முதல் காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளைப் பேசப் பழக்குகிறது. தாயும் கூடவே இருந்து கற்பது அங்கே பாடத்தின் ஒரு பகுதி. மயிலாப்பூரில் லீலாவதி பேட்ரிக் 1970-ல் தொடங்கிய கிளார்க் பள்ளி இருக்கிறது. ராஜா அண்ணாமலைபுரத்தில் டாக்டர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய மெட்ராஸ் இ.என்.டி. ஆராய்ச்சி நிறுவனம் உட்செவியில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்குப் பேர்பெற்றது. தகுதியுள்ள குடும்பங்களின் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் கிடைக்கிறது. 2013-ல் வந்த ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்ற தேசியத் திட்டமும் பிறவிக் காது கேளாமையைத் தன் பரிசோதனைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் எந்தச் சிகிச்சையானாலும் மூளை மொழியை வேகமாகக் கற்கும் முதல் ஆண்டுகளில் கிடைத்தால்தான் முழுப் பலன்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

எண்ணெய்க் குளியலின்போது காதில் எண்ணெய் விடுவதும், காதிலும் மூக்கிலும் ஊதுவதும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்க்கலாம், காதுக்குள் வேண்டாம். குறும்பி தானே வெளியே வந்துவிடும். பட்ஸ் அதை உள்ளேதான் தள்ளும். குழந்தையின் முதுகுப்புறம், அதன் கண்ணில் படாமல் நின்று மெல்லக் கிலுகிலுப்பையை ஆட்டிப் பாருங்கள். ஆறேழு மாதக் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். இது மருத்துவச் சோதனைக்கு மாற்று அல்ல. திரும்பினாலும் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் கவனிக்காவிட்டாலும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த ஊசிக்குப் போகும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள்: 'தலைச் சுற்றளவு எவ்வளவு? கழுத்தில் ஏதாவது தட்டுப்படுகிறதா? காது சோதனை செய்தாயிற்றா?' மூன்று பதில்களையும் தடுப்பூசி அட்டையிலேயே தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவர்கள் இதைத் தொல்லையாக நினைக்க மாட்டார்கள். அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கும் அந்த எழுத்துதான் உதவும்.