மீனின் மேனி நிறம் மாறுவது எவ்வாறு?

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் மீன் வளர்ப்போர் நன்கறிந்த மீன் திலாப்பியா. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவிற்குக் கொண்டுவரப்பட்டதாகும். கறுப்பு வாளியில் கிடந்த கருந் திலாப்பியாவை வெள்ளைத் தொட்டிக்கு மாற்றினால், சிறிது நேரத்தில் அதன் மேனி வெளிறிவிடும். இஃது எவ்வாறு நிகழ்கிறது?

மீனின் தோலில் கிளைகள் விரிந்த நிற உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் நுண்ணிய கருந்துகள்கள் நிறைந்திருக்கின்றன. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்கள் ஒருங்கே கூடி நிற்கையில், தோட்டத்தின் பிற பகுதிகள் வெறுமையாகத் தோன்றும். அவரவர் நிரைக்குப் பிரிந்து சென்றதும் எங்கும் ஆட்கள் தென்படுவர். தொகை மாறவில்லை, இடமே மாறியது. அவ்வாறே கருந்துகள்கள் உயிரணுவின் நடுவில் திரண்டால் மீன் வெளிறும். கிளைகளெங்கும் பரவினால் கறுக்கும்.

இதற்குக் கட்டளையிடுவது யாது? மேலிருந்து வரும் ஒளியையும் அடித்தரையிலிருந்து திரும்பும் ஒளியையும் கண் உணர்கிறது. மூளை நரம்புகளின் வழியாக ஆணை அனுப்புகிறது. இந்நிற மாற்றத்தை நரம்புகள் ஆள்வதைக் கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் 1911இல் விளக்கினார். தேனீக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற இவர், 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நரம்புகளேயன்றி, இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்களும் நிறத்தை மாற்றுகின்றன. அவற்றின் வேலை சற்று மெதுவாக நடக்கும்.

மீனின் உள்நிலையும் நிறத்தில் வெளிப்படும். இனப்பெருக்கக் காலத்தில் தன் இடத்தைக் காக்கும் ஆண் திலாப்பியா கறுத்து நிற்கும். போட்டியில் தோற்றால் விரைவில் வெளிறிவிடும்.

மீன் வளர்ப்போருக்கு இவ்வறிவு பெரிதும் பயன்படும். கறுத்த மீன் சுறுசுறுப்பாகப் பிற மீன்களை விரட்டுமாயின் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், ஒன்றிரண்டு மீன்கள் மட்டும் கறுத்து, கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, தீனி உண்ணாமல் நிலைதடுமாறி நீந்தினால், அது நோயின் அறிகுறியாகலாம். கண்கள் பிதுங்கியிருப்பின் ஐயம் வலுக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரி திலாப்பியாவிற்கு இத்தகைய நோயை உண்டாக்குகிறது. பார்வையிழந்த மீனும் சுற்றுப்புறத்தின் ஒளியை அறிய இயலாமல் கறுத்துவிடும்.

அத்தகைய மீன்களை உடனே பிரித்தெடுத்தல் வேண்டும். இறந்தவற்றை ஆற்றில் எறியாமல் புதைத்துவிட்டு, மீன்வளத் துறையினருக்குத் தெரிவிப்பது நன்று. ஒரு நாள் தாமதமும் குளத்து மீன்கள் அனைத்தையும் பாதிக்கக்கூடும். ஆகவே, தீனியிடும் வேளையில் மீனின் நிறத்தையும் நடமாட்டத்தையும் ஒருங்கே கவனிப்போமாக.