அம்பாப் பாடலும் உணர்வின் திசைமாற்றமும்

உழைப்பின் தாளத்திலிருந்தே கவிதை தோன்றியதெனக் கார்ல் பூஹர் 1896இல் எழுதினார். 1937இல் வெளிவந்த ‘மாயையும் யதார்த்தமும்’ என்னும் நூலிற் கிறிஸ்தோபர் கோட்வெல் இச்சிந்தனையை மேலும் வளர்த்தார். கூட்டுப் பாடல் தனிமனித உணர்ச்சிகளைத் திரட்டிப் பொருளுற்பத்தியின்பால் திருப்புகின்றது என்பது அவர் முடிபு.

புத்தளம் மாவட்டக் கரையோரத் தமிழ்க் கிராமமான உடப்பிற் கரைவலை இழுப்போரிடை வழங்கும் அம்பாப் பாடல்களை இந்நோக்கில் ஆராயலாம். தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் அமைதியுறும் மாதங்களே மேற்குக் கரையிற் கரைவலைக் காலம். தோணியிற் சென்று வளைத்து விட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடுவர். மூச்சும் காலடியும் கைப்பிடியும் ஒன்றாக இயைகின்றன. கடன், காதல், தெய்வ நம்பிக்கை எனத் தனித்தனியே கிடந்த உணர்வுகள் கயிற்றை இழுக்கும் பொது வலுவாகின்றன.

எனினும், அவ்வலு யாருக்குப் பயன்படுகின்றது என்று நாம் வினவுதல் வேண்டும். பிடிபட்ட மீனில் வலையும் தோணியும் உடைய சம்மாட்டியின் பங்கு போக எஞ்சியதே இழுத்தோரிடைப் பகிரப்படும். கோட்வெல் தொடக்கமாகக் கொண்ட வர்க்கமற்ற பூர்வ சமுதாயம் இதுவன்று. ஆகவே பாடல் களைப்பை ஆற்றுவதோடு சமமின்மையையும் தாங்கச் செய்கின்றது.

இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழல்பொறி கயிற்றை இழுக்கத் தொடங்கியது. அங்கு கைகளின் தேவை குறைய, பாட்டின் தேவையும் அற்றுப்போயிற்று. எனவே தொகுப்போர் சொற்களை மட்டும் பதிந்தாற் போதாது. எவ்வசைவிற்கு எவ்வடி, பாடியோர் பெற்ற பங்கு யாது என்பனவும் பதியப்படல் வேண்டும்.