வீட்டு முற்றத்தில் துப்பாக்கி

தம் சொந்த வீட்டு முற்றத்தில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார். வீதியில் போவோர் அனைவரும் அதைக் காண்கின்றனர். இது அவருடைய உரிமையா, அயலாரை அச்சுறுத்தும் செயலா? அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் இக்கேள்வி, 2020ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரில் உலகறிய எழுந்தது.

கறுப்பின மக்களுக்கு நீதி கேட்டு மேயரின் வீட்டை நோக்கி ஊர்வலமாகச் சென்றோர், குடியிருப்போருக்கே சொந்தமான தனியார் வீதி ஒன்றில் நுழைந்தனர். (அனுமதியின்றி நுழைந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.) அவ்வீதியில் வாழ்ந்த வழக்கறிஞர் தம்பதியர், கணவர் நீள் துப்பாக்கியோடும் மனைவி கைத்துப்பாக்கியோடும், வீட்டு வாசலில் வந்து நின்றனர். யாரும் சுடவில்லை. ஆயினும் வழக்குப் பதிவாயிற்று.

மிசௌரி மாநிலச் சட்டப்படி, சொந்த நிலத்தில் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றமன்று. அதைப் பிறர் முன்னிலையில் கோபத்தோடோ மிரட்டும் விதமாகவோ காட்டுவதுதான் குற்றம். 2021 ஜூன் மாதத்தில் இருவரும் சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினர். சில வாரங்களிலேயே ஆளுநர் மைக் பார்சன் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்.

தற்காப்பு உரிமையைத் திருச்சபை மறுப்பதில்லை. தன் உயிரைக் காப்பதும், தன் பொறுப்பில் இருப்போரின் உயிரைக் காப்பதும் முறையானதே எனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (2263-2265) கற்பிக்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய வன்முறையை அது ஏற்பதில்லை. அஞ்சுகிறவருக்குத் தேவையின் அளவு எப்போதும் பெரிதாகவே தோன்றும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். வாசலில் நிற்பவர் தம் குடும்பத்தைக் காப்பதாகவே எண்ணுகிறார். வீதியில் தன் பிள்ளையோடு நடப்பவருக்கோ அவர் உள்ளம் தெரியாது, துப்பாக்கிக் குழல் மட்டுமே தெரியும்.

சீடர்களிடமும் ஆயுதம் இருந்தது. இரண்டு வாள்கள் இருப்பதாக இராவுணவு வேளையில் அவர்கள் காட்டியதை லூக்கா (22:38) குறிப்பிடுகிறார். அவற்றை எறிந்துவிடுமாறு ஆண்டவர் அப்போது கட்டளையிட்டதாக நற்செய்தியில் இல்லை. ஆனால் தோட்டத்தில் பேதுரு வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளரைத் தாக்கியதும், வாளை உறைக்குள் இடச் சொன்னார். காது வெட்டுண்ட அப்பணியாளரின் பெயர் மால்கு என்பதை யோவான் மட்டுமே தருகிறார். ஆண்டவர் அக்காதைத் தொட்டு நலமாக்கியதைச் சொல்பவர் லூக்கா ஒருவரே.