‘தப்பு என் மேலதான்’ என்றாலும் இழப்பீடு கிடைக்குமா? விபத்துக் காப்பீட்டில் பலர் கவனிக்காத 164-வது பிரிவு

வெள்ளிக்கிழமை இரவு. பெங்களூருவில் ஆபீஸ் முடித்து, பைக்கில் சேலத்துக்குக் கிளம்புகிறார் ஒரு இளைஞர். கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கம். ஓரமாகப் பழுதாகி நிற்கும் லாரி கடைசி நொடியில்தான் கண்ணில் படுகிறது. பிரேக் அடித்தும் பயனில்லை. கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

பார்க்க வருபவர்கள் சொல்வது ஒன்றுதான்: “நின்னுட்டு இருந்த வண்டியில நீ போய் இடிச்சிருக்க. தப்பு உன் மேல. இன்சூரன்ஸ்ல ஒண்ணும் வராது.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 44-வது தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூரைக் கடந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. 2020 டிசம்பரில் அந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்த லாரி ஒன்று வரிசையாகப் பல வாகனங்கள் மீது மோதியது. 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதித் தீப்பிடித்ததில் 4 பேர் உயிரிழந்தனர். அந்த சிசிடிவி காட்சி நம்மில் பலரின் போனுக்கும் வந்தது.

பார்க்க வந்தவர்கள் சொன்னது சரியா? சரியில்லை. தவறு யார் மீது என்று கேட்காமலே இழப்பீடு தரச் சொல்லும் பிரிவு நம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கக் கையெழுத்துப் போடும்போது, அதைவிடப் பெரிய தொகை கைவிட்டுப் போகவும் கூடும்.

முதலில் ஆஸ்பத்திரி செலவு

விபத்து நடந்த நிமிடத்தில் இழப்பீட்டைவிட முக்கியம், அட்வான்ஸ் கட்டாமல் சிகிச்சை தொடங்குவது. இங்கும் தவறு யாருடையது என்ற கேள்வி கிடையாது.

தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனைகள் மட்டுமல்ல, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர்த்தி. தொடக்கத்தில் ஒருவருக்கு ரூ.1 லட்சமாக இருந்த உச்சவரம்பு பிறகு ரூ.2 லட்சமாக உயர்ந்தது.

மத்திய அரசின் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம் 2025 மே 5-ல் அறிவிக்கை ஆனது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள் வரை, ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை சிகிச்சை. எந்தச் சாலையில் நடந்த வாகன விபத்துக்கும் பொருந்தும். சேர்க்கும்போதே மருத்துவமனையில் கேட்க வேண்டிய கேள்வி: “இந்த ரெண்டு ஸ்கீம்ல எதுல நீங்க இருக்கீங்க?”

164-வது பிரிவு என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதன் இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள 164-வது பிரிவின்படி, மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்தில்

- மரணம் என்றால் ரூ.5 லட்சம்
- கொடுங்காயம் என்றால் ரூ.2.5 லட்சம்

சம்பந்தப்பட்ட வண்டியின் உரிமையாளரோ, அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனியோ தர வேண்டும். டிரைவர் வேகமாக ஓட்டினார், தூங்கிவிட்டார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைத்தான் ‘நோ ஃபால்ட்’, அதாவது தவறு பார்க்காத பொறுப்பு என்கிறார்கள். இதே அடிப்படையில் இருந்த பழைய 163-ஏ பிரிவு பற்றிய வழக்கில், ‘காயம்பட்டவரின் கவனக்குறைவு’ என்ற வாதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி எழுப்பவே முடியாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கொடுங்காயம் என்றதும் கை, கால் போவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் பட்டியலில் எலும்பு முறிவு, மூட்டு விலகல், பல் உடைவது, முகத்தில் நிலையான சிதைவு எல்லாம் வரும். விரல் எலும்பு முறிந்தாலும் அது எலும்பு முறிவுதான். வெறும் சிராய்ப்பு, தையல் போட்ட வெட்டுக் காயம் என்றால் பொதுவாக 164-க்குள் வராது. அதற்கு வழக்கமான இழப்பீட்டு மனுதான் வழி.

ஆக, தொப்பூரில் லாரியில் இடித்த இளைஞருக்கு அந்த லாரியின் இன்சூரன்ஸிடம் ரூ.2.5 லட்சம் கேட்க உரிமை உண்டு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இதன் பின்னால் ஒரு தமிழ்நாட்டு பஸ் விபத்து இருக்கிறது. இரவு நேரத்தில் சென்ற தனியார் பஸ், தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை ஆனதால் ‘தவறு யாருடையது’ என்பதே வாதமானது. 1980-ல் அந்த வழக்கை முடித்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், தவறு பார்க்காமல் இழப்பீடு தரச் சட்டம் கொண்டுவருவதை அரசு தீவிரமாக யோசிக்க வேண்டும் என்று எழுதினார்.

1982-ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போது தொகை மரணத்துக்கு ரூ.15,000, நிரந்தர ஊனத்துக்கு ரூ.7,500. பின்னர் படிப்படியாக உயர்ந்து இன்றைய நிலைக்கு வந்திருக்கிறது.

கனடாவின் ஒன்டாரியோவில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே விபத்தில் காயம்பட்டால் பெரும்பாலும் முதலில் போவது தன் சொந்த இன்சூரன்ஸ் கம்பெனியிடம்தான். நியூசிலாந்தில் 1974 முதல் அரசு நிறுவனமே இதைப் பார்த்துக்கொள்கிறது. நம் ஊரில் எதிர் வண்டியின் இன்சூரன்ஸிடம் கேட்க வேண்டும். பெயர் ஒன்றுதான், வழி வேறு. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு ‘என் பாலிசியே எல்லாத்தையும் பார்த்துக்கும்’ என்று இருந்துவிடக் கூடாது.

எங்கே சிக்கல்?

இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன 164. இன்னொன்று, 166-வது பிரிவில் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் மனு. கோர்ட்டு வட்டாரத்தில் ‘எம்.சி.ஓ.பி. கேஸ்’ என்பார்கள். இதில் எதிர்த் தரப்பின் தவறைக் காட்ட வேண்டும். ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை.

2019 திருத்தம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடமை கொடுத்தது. விபத்துத் தகவல் கிடைத்ததும் ஓர் அதிகாரியை நியமித்து, 30 நாட்களுக்குள் ஒரு தொகையைத் தருவதாக முன்வர வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டால், அதைத் தீர்ப்பாயம் பதிவு செய்து, அடுத்த 30 நாட்களுக்குள் பணம் வர வேண்டும். வருஷக்கணக்கில் அலைய வேண்டாம் என்பதற்கான ஏற்பாடு இது.

ஆனால் 166-வது பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. இந்த முறைப்படி 164-ன் இழப்பீட்டை ஏற்றுக்கொண்டவரின் தீர்ப்பாய மனு காலாவதி ஆகிவிடும். ‘முதல்ல இதை வாங்கிப்போம், மிச்சத்தை அப்புறம் கேட்டுக்கலாம்’ என்பது இங்கே நடக்காது.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும்? 2009, 2017 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வயது 28. தனியார் வேலை. மாதம் ரூ.30,000 சம்பளம். அதாவது ஆண்டுக்கு ரூ.3,60,000. எதிர்காலச் சம்பள உயர்வுக்காக 40% சேர்த்தால் ரூ.5,04,000. இந்த வயதுக்கான பெருக்கல் எண் 17.

- கால் முறிவால் வேலைத்திறனில் 20% நிரந்தர இழப்பு என்று தீர்ப்பாயம் ஏற்றால்: ரூ.17,13,600. மருத்துவச் செலவும் வலி, வேதனைக்கான தொகையும் தனி.
- தவறில் பாதி உங்கள் மீது என்று முடிவானாலும் ரூ.8,56,800.
- மரணம் என்றால், திருமணமாகாதவருக்குச் சொந்தச் செலவாகப் பாதியைக் கழித்து: ரூ.42,84,000.

164-ல் கிடைப்பது காயத்துக்கு ரூ.2.5 லட்சம், மரணத்துக்கு ரூ.5 லட்சம் மட்டுமே.

அப்படியானால் 164 வேண்டாமா? அப்படியும் இல்லை. தவறு முழுக்க உங்களுடையது என்றால் 166-ல் எதுவும் கிடைக்காமல் போகலாம்; 164 காப்பாற்றும். விரல் எலும்பு முறிந்து, இரண்டு மாதத்தில் முழுமையாகச் சரியாகிவிட்டால், வழக்கு நடத்தி வாங்குவதைவிட 164-ன் தொகையே அதிகமாக இருக்கலாம். நிரந்தர பாதிப்பு இருக்கிறது, எதிர் வண்டியின் தவறும் தெளிவாகத் தெரிகிறது என்றால், கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரைப் பார்ப்பது கட்டாயம். நின்ற லாரியில் பார்க்கிங் லைட் எரிந்ததா, முக்கோண ரிஃப்ளெக்டர் வைத்திருந்தார்களா என்ற விவரம்கூட ‘தப்பு உன் மேல’ என்ற கதையை மாற்றிவிடும்.

தானாக விழுந்தால்?

நாய் குறுக்கே வந்தது, வண்டி சறுக்கியது, வேறு வண்டியே இல்லை. இங்கே 164-ஐ நம்ப முடியாது. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் என்பது பெயரிலேயே சொல்வதுபோல மற்றவர்களுக்கானது.

உங்களுக்கு உதவுவது ‘பி.ஏ. கவர்’ எனும் தனிநபர் விபத்துக் காப்பீடு. வண்டி உரிமையாளரே ஓட்டும்போது மரணம் அல்லது முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டால் ரூ.15 லட்சம். ஒரு கை, கால் அல்லது ஒரு கண் போனால் அதில் 50%. செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். சாதாரண எலும்பு முறிவுக்கான ஆஸ்பத்திரி பில்லை இது தராது. அதற்கு ஹெல்த் இன்சூரன்ஸ்தான்.

இளைஞர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு:

நண்பனின் பைக்: உரிமையாளருக்கான பி.ஏ. கவர் இரவல் வாங்கி ஓட்டுபவருக்குப் பொருந்தாது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர் என்பதால், அதே வண்டியின் இன்சூரன்ஸிடம் 163-ஏ பிரிவில் இழப்பீடு கேட்க முடியாது என்று 2009-லும் 2020-லும் உச்ச நீதிமன்றம் கூறியது.

பின்சீட்டில் இருப்பவர்: உங்கள் பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவருக்கு அந்தக் கம்பெனி பொறுப்பில்லை. முழு பேக்கேஜ் பாலிசியில் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்து ஆன்லைனில் ரின்யூ செய்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இடித்துவிட்டு நிற்காமல் போனால்?

வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 161-வது பிரிவு. மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000. இதற்குக் கோர்ட்டு வேண்டாம். வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பித்தால், அவர் அறிக்கையின் பேரில் மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவார்.

என்ன செய்ய வேண்டும்?

1. 108-க்கு அழையுங்கள். முடிந்தால் இரு வண்டிகளின் நம்பர் பிளேட், சாலை, விளக்கு, தடயங்கள் எல்லாவற்றையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

2. எம்-பரிவாகன் ஆப்பில் எதிர் வண்டியின் எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி எது, பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

3. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ‘ஏ.ஆர். காப்பி’, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பில்கள் எதையும் தொலைக்காதீர்கள். ‘வண்டியிலிருந்து தானாக விழுந்தார்’ என்று முதல் பதிவில் தவறாக எழுதப்பட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம்.

4. எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குங்கள். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் உரிமைகளைச் சொல்லும் படிவத்தையும் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

5. தீர்ப்பாயத்தில் மனு போட விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்கிறது சட்டம். இந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

6. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

7. வெற்றுத் தாளிலோ, படிக்காத படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். 30 நாட்களுக்குள் தொகை தருவதாகச் சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமை. அதை ஏற்பதா, மறுப்பதா என்பது உங்கள் உரிமை.

அந்த இளைஞரின் கட்டிலருகே யாராவது இனி ‘ஒண்ணும் வராது’ என்றால், 164 இருக்கிறது என்று சொல்லுங்கள். ‘வர்றத வாங்கிட்டுக் கையெழுத்துப் போடு’ என்றால், கால் எந்த அளவுக்குச் சரியாகும் என்று டாக்டர் சொல்லட்டும், அதற்குப் பிறகு பேனாவை எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.