கம்பியில்லாத் துளைக்கருவி வாங்கப் போகிறீர்களா?

கடையில் ஒரு கருவியின் மேல் 18 வோல்ட் என்றும், பக்கத்திலுள்ளதன் மேல் 20 வோல்ட் என்றும் எழுதியிருக்கும். இரண்டாவதுதான் வலிமையானது என்று எண்ணிவிடாதீர்கள். பொதுவாக இரண்டு பாட்டரிகளிலும் வரிசையாக இணைந்திருப்பவை ஐந்து லித்தியம் அயனி மின்கலங்களே! ஒரு கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதும் மின்னேற்றியவுடன் கலத்துக்கு 4 வோல்ட்டுக்குச் சற்று மேலிருக்கும். அந்தக் கணக்கில் வந்ததுதான் 20.

மரத்தில் திருகாணி முடுக்க மூன்று கலமுள்ள 12 வோல்ட் கருவியே போதும், கையும் வலிக்காது. செங்கல் சுவருக்கோ பிட் சுழன்றால் மட்டும் போதாது. சுழன்றுகொண்டே இடித்துப் பொடியாக்கவும் வேண்டும். ஆகவே 'ஹாமர்' வசதி உண்டா என்று கேளுங்கள்.

ஆண்டுக்கு நான்கு துளை போடும் வீட்டில் கருவி தேயாது, பாட்டரிதான் கெடும். சும்மா கிடந்தாலும், உள்ளே நடக்கும் வேதிவினைகளால் அதன் கொள்திறன் மெல்லக் குறையும். வெப்பத்தில் இன்னும் விரைவாக. பாதியளவு மின்னேற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அருகிலேயே பிளக் பாயிண்ட் இருக்கிறதா? அப்படியானால் கம்பியுள்ள கருவியை வாங்குங்கள். விலையும் குறைவு, மின்னேற்றக் காத்திருக்கவும் வேண்டாம்.