பேச்சுத் தமிழைப் பதிவு செய்ய ஓசை குறைந்த வீட்டுக் கணினி

பேச்சுமொழியை ஆராய்வோருக்கு முதற்கருவி செவி. அச்செவி ஒருமுறை கேட்டதை மீண்டும் மீண்டும் கேட்கச் செய்வது பதிவுக்கருவி. இன்று அவ்விடத்தைப் பெரும்பாலும் வீட்டு மேசைக் கணினியே பெற்றுள்ளது. ஆனால், பதிவு செய்யும் கணினி தானும் ஓயாது ஓசை எழுப்புகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாசாயில் நம் இல்லத்தில் மூதாட்டி ஒருவரின் பேச்சைப் பதிவு செய்தோம். இளமையில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். இரண்டு மணி நேரம் பேசினார். பின்னர் அப்பதிவைக் கேட்டபொழுது ஓர் ஐயம் எழுந்தது. அவர் சொன்னது ‘போகுது’ என்பதா, ‘போவுது’ என்பதா? சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர் தத்தம் வட்டார வழக்கையும் உடன்கொண்டு வந்தனர். ‘போவுது’, ‘ஆவுது’ என்பன வடதமிழகப் பகுதிகளில் மிகுதியாகக் கேட்கப்படும் வடிவங்கள். ஆகவே, அந்த ஒற்றை மெய்யொலி ஒரு குடும்பம் வந்த வழியையே சுட்டக்கூடியது. பதிவிலோ, மேசைமேல் இருந்த நம் கணினியின் இரைச்சல் அவ்வொலியை மூடிவிட்டது. மீண்டும் கேட்டுத் தெளிய அம்மூதாட்டி இன்று இல்லை. தவறு நம்முடையதே.

அதன் பின்னரே ஓசை குறைந்த கணினி ஒன்றை நாமே பொருத்திக்கொள்ள முனைந்தோம். அதில் கற்றவற்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு விளக்குவோம்.

இரைச்சல் எதனை மறைக்கிறது?

தமிழில் உயிர்களுக்கு இடையே வரும் தனிக் ககரம் வல்லொலியாக ஒலிப்பதில்லை. ‘பகல்’ என்னும் சொல்லில் அது மூச்சொலி போல மெலிந்து உரசுகிறது. இத்தகைய உரசொலியின் ஆற்றல் மிகக் குறைவு. மின்விசிறியின் காற்றிரைச்சலும் பல அதிர்வெண்களில் பரந்து நிற்கும் உரசொலியே. எனவே, ஒன்று மற்றொன்றினுள் கரைந்துவிடுகிறது.

இரைச்சலுக்கு மற்றொரு கூறும் உண்டு. நிமிடத்திற்கு 1,200 முறை சுழலும் விசிறி நொடிக்கு 20 முறை சுழல்கிறது. அதற்கு 7 இதழ்கள் இருப்பின் நொடிக்கு 140 இதழ்கள் ஓரிடத்தைக் கடக்கின்றன. 140 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் எழுகிறது. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பொதுவாக 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை அமைவது. விசிறியின் முனகல் குரலின் இருப்பிடத்திலேயே வந்து குடியேறுகிறது எனலாம்.

‘இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே’ என மாணவர் வினவலாம். அம்மென்பொருள் இரைச்சலை ஒத்த யாவற்றையும் குறைக்கும். மெலிந்த ககரம் இரைச்சலை ஒத்திருத்தலின் அதுவும் உடன்குறையும். கேட்பதற்கு இனிய பதிவு கிடைக்கும். ஆராய்வதற்குரிய சான்று கிடைக்காது. ஆதலின், இரைச்சலைப் பிறந்த பின் நீக்குவதினும் பிறவாமல் தடுப்பதே முறை.

அமைதியின் அடிப்படை

கணினியின் ஓசை பெரிதும் வெப்பத்தின் விளைவு. உறுப்புகள் மின்னாற்றலை உண்டு வெப்பத்தை உமிழ்கின்றன; அவ்வெப்பத்தை வெளியேற்ற விசிறி சுழல்கிறது; சுழற்சி மிக மிக ஓசை மிகுகிறது. எனவே, வெப்பத்தைக் குறைத்தலும், எஞ்சிய வெப்பத்தை மெதுவான காற்றால் அகற்றலுமே வழி. 

இவ்விரண்டாம் வழிக்கு இயற்பியல் துணைநிற்கிறது. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைவே செவிக்குப் பாதி ஓசையாகத் தோன்றும் என்பதை நினைவில் கொள்க. இழந்த காற்றோட்டத்தை விசிறியின் அளவைப் பெருக்கி ஈடுசெய்யலாம். ஒரே வடிவும் வேகமும் உடையவற்றுள் 120 மில்லிமீட்டர் விசிறி, 80 மில்லிமீட்டர் விசிறியைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட காற்றைத் தள்ளும். ஆகவே, சிறிய விசிறி விரைந்து சுழல்வதைவிடப் பெரிய விசிறி மெல்லச் சுழல்வதே நன்று. மடிக்கணினியின் மெல்லிய விசிறி உச்சக்குரலில் கீச்சிடுவதற்கும் காரணம் இதுவே.

உறுப்புகளைத் தெரிதல்

முதலாவது, செயலி. பேச்சுப் பதிவுக்கும் எழுத்துப்பணிக்கும் 65 வாட் வகைச் செயலி போதுமானது. வரைகலைத் திறன் உள்ளடங்கிய செயலியைத் தெரிந்தெடுத்தால் தனி வரைகலை அட்டை வேண்டுவதில்லை. ஆறு கருக்கள் கொண்ட ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி இதற்கோர் எடுத்துக்காட்டு. அட்டையைத் தவிர்ப்பதால் அதன் விலை, வெப்பம், விசிறி ஆகிய மூன்றும் ஒருங்கே நீங்குகின்றன. சிக்கன வரம்புக்குள் அமைதி கைகூடுவது இந்த ஒரு முடிவினால்தான்.

இரண்டாவது, குளிர்விப்பான். செயலியுடன் பெட்டியில் வரும் சிறு குளிர்விப்பானை ஒதுக்கி, 120 மில்லிமீட்டர் விசிறியுடைய கோபுர வடிவக் குளிர்விப்பானை வாங்குக. அதன் உலோகத் தகடுகளின் பரப்பு பெரிதாகையால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். நீர்வழிக் குளிர்விப்பு தேவையற்றது. அதன் நீரேற்றி மேலும் ஓர் ஓசை மூலமாகும்.

மூன்றாவது, கடைகளில் ‘பவர் சப்ளை’ எனப்படும் மின்வழங்கி. கணினிக்கு 100 வாட் தேவை எனக் கொள்வோம். 85 விழுக்காட்டுத் திறனுடைய மின்வழங்கி ஏறத்தாழ 18 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 90 விழுக்காட்டுத் திறனுடையது 11 வாட்டையே வீணாக்கும். குறைந்த சுமையில் விசிறியை நிறுத்திவைக்கும் மின்வழங்கிகளும் உள. பெயரறியா மலிவுப் பொருளை இங்குத் தவிர்த்தல் பாதுகாப்புக்கும் நல்லது.

நான்காவது, சேமிப்பகம். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு நொடிக்கு 120 முறை அதிர்கிறது; அவ்வதிர்வு பெட்டிக்கும் மேசைக்கும் பரவி ஒலிவாங்கியை எட்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பே இல்லை. காப்புப்படிக்கு வன்தட்டு வேண்டின் அதனைப் புறத்தே வைத்து, பதிவு முடிந்த பின் இணைக்கலாம்.

ஐந்தாவது, ‘கேசிங்’ எனப்படும் பெட்டி. முன்பக்கம் காற்றுப் புகத்தக்க வலையுடையதாயின் நன்று. ஓசையை உறிஞ்சும் பஞ்சுப் படலம் ஒட்டிய மூடிய பெட்டிகள் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால், காற்றுவழி குறுகினால் வெப்பம் தேங்கும். விசிறிகள் விரைந்து சுழலும். பெற்ற அமைதி பறிபோகும்.

ஜோகூர் பாருவில் ஹாலிடே பிளாசா போன்ற வணிக வளாகங்களில் விலை விசாரிக்கும்பொழுது, விரைவையும் வண்ண விளக்குகளையும் முன்னிறுத்திய தொகுப்புகளே முதலில் காட்டப்படலாம். வரைகலை அட்டைக்கும் விளக்குகளுக்கும் செல்லும் பணத்தை மின்வழங்கிக்கும் குளிர்விப்பானுக்கும் திருப்புக. செலவு இடம் மாறுகிறதே தவிரப் பெருகுவதில்லை.

நம் தட்பவெப்பமும் விசிறி அமைப்பும்

குளிர்நாட்டு நூல்கள் 20 பாகை அறையை மனத்திற்கொண்டு அறிவுரை கூறும். மாசாயில் பிற்பகல் அறை 31, 32 பாகையை எட்டும். பதிவின்பொழுது குளிர்பதனத்தையும் கூரை விசிறியையும் நிறுத்தியாக வேண்டும். விசிறியே இல்லாக் கணினி இச்சூழலுக்கு எளிதன்று; அதற்குப் பெரிய வெப்ப உலோகமும் மிகுந்த பொருட்செலவும் வேண்டும். மெல்லச் சுழலும் இரண்டு பெரிய விசிறிகளே நடைமுறைக்கு ஏற்றவை.

நான்முனை இணைப்புடைய விசிறிகளின் வேகத்தைத் தாய்ப்பலகையின் தொடக்க அமைப்புத் திரையில் வகுக்கலாம். செயலியின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும்வரை விசிறி நிமிடத்திற்கு 600 சுற்று அளவில் நிலையாகச் சுழலட்டும்; அதன்பின் 80 பாகை வரை படிப்படியாக உயரட்டும். மேற்குறித்த செயலியின் வெப்ப எல்லை 95 பாகை ஆதலின் அச்சம் வேண்டா. ஏறி இறங்கும் ஓசையே செவியை மிகுதியாக உறுத்துவது. நிலையான மெல்லோசையை மனம் விரைவில் மறக்கும். மேலும், ஒலிப்பதிவு கணினிக்கு எளிய வேலை. அப்பொழுது எழும் வெப்பம் சிறிதே. தூசு படிந்தால் காற்றுவழி அடைபடும். ஆகையால், சில திங்களுக்கு ஒருமுறை கணினியை அணைத்து மின்னிணைப்பை நீக்கி வடிகட்டியைத் துடைத்தல் வேண்டும்.

செலவில்லா முறைகளும் உள. பெட்டியை மேசையிலிருந்து இறக்கி, ரப்பர்க் கால்களின்மேல், சுவரை ஒட்டாமல் வைக்கலாம். ஒலிவாங்கியைப் பேசுவோர் வாயிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைப்பதற்கு மாறாக 15 சென்டிமீட்டரில் வைத்தால் குரல் ஏறத்தாழ 12 டெசிபெல் உயர்ந்து பதியும், இரைச்சல் உயராது.

நிறைவாக

1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு மென்பொருளும், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் நடத்திய தமிழ் இணைய மாநாடும் கணினியில் தமிழ் எழுத்து நிலைபெற வழிவகுத்தன. எழுத்துக்கு அவ்வாறு ஓர் இடம் கிடைத்துவிட்டது. தோட்டங்கள் செம்பனைக்கும் தொழிற்சாலைகளுக்கும் வீடமைப்புகளுக்கும் இடம்விட்ட இந்நாளில், தோட்டத்துப் பேச்சை நினைவில் கொண்டிருப்போர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அப்பேச்சுக்கு இன்னும் போதிய இடம் கிடைக்கவில்லை.

மாணவர் தம் பாட்டியிடமோ தாத்தாவிடமோ அமரும் முன் ஒரு சோதனை செய்க. யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, செவிப்பொறியில் கேட்டுப் பார்க்க. அதில் கணினி பேசினால், அதனை முதலில் அமைதிப்படுத்துக. பெரியவரைப் பேசச் சொல்வது அதன் பிறகே ஆகட்டும்.